சித்திரையில் மதுரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சித்திரைத் திருவிழாவை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவரும் உடன் வருவார்கள். அலுவலகத்தில் மூன்று நாள்தான் விடுப்புக் கிடைக்கும். எந்த மூன்று நாள்களில் வருவது நல்லது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: சித்திரைத் திருவிழா என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மீனாட்சியம்மன் கோயில், அழகர்மலைப் பெருமாள் கோயில் என இரண்டு கோயில்களின் விழாக்கள் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் நாள் கணக்குக் குழம்பாது. மீனாட்சியம்மன் கோயில் விழா கொடியேற்றத்துடன் தொடங்கி 12 நாள் நடக்கும். 8-ஆம் நாள் அம்மனுக்குப் பட்டாபிஷேகம், 9-ஆம் நாள் திக்விஜயம், 10-ஆம் நாள் திருக்கல்யாணம், 11-ஆம் நாள் தேரோட்டம். தேரோட்டத்தை ஒட்டிய ஒரு மாலையில், நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்மலையிலிருந்து, கையில் கோலேந்திய கள்ளர் திருக்கோலத்தில் அழகர் புறப்படுகிறார். மறுநாள் மூன்றுமாவடி தொடங்கித் தல்லாகுளம் வரை, மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. அதற்கும் மறுநாள், சித்ரா பௌர்ணமியை ஒட்டிய விடியற்காலையில், தங்கக் குதிரையில் வைகையில் எழுந்தருள்கிறார். பௌர்ணமிக்கு ஏற்ப நாள் மாறும். 2022-இல் ஏப்ரல் 16-ஆம் தேதியே ஆற்றில் இறங்கினார், 2025-இலோ மே 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.

என்னைக் கேட்டால், தேரோட்ட நாள், எதிர்சேவை நாள், அழகர் ஆற்றில் இறங்கும் நாள் ஆகிய மூன்றையும் சொல்வேன். ஆனால் மூன்றாம் நாள் விடியலில் பிள்ளைகளையும் முதியவரையும் ஆற்றுக்குள் அழைத்துச் செல்ல வேண்டாம். 2022-இல் அந்த நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். அன்று நண்பகலில் இராமராயர் மண்டபப் பக்கமோ, மாலையில் வண்டியூர்ச் சாலையிலோ நிழலுள்ள ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டால் அழகரே உங்களைத் தேடி வருவார். வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில், அதாவது சாமியை நிறுத்திப் பூசை செய்யும் இடங்களில், நின்று நின்று வருபவரை நாம் துரத்திக்கொண்டு ஓடத் தேவையில்லை. முதல் முறை வருகிறவர்கள் செய்யும் தவறு, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஊரைச் சுற்றி, எதையும் முழுதாகப் பார்க்காமல் திரும்புவதுதான்.

திருக்கல்யாணத்தை மாமியார் விட்டுக்கொடுக்க மாட்டார் என்றால் பயணத்தை ஒரு நாள் முன்னால் நகர்த்திவிட்டு, ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் வடக்கு ஆடி வீதியும் மேல ஆடி வீதியும் சந்திக்கும் இடத்து மண்டபத்தில் திருநாண் பூட்டப்படும் அதே வேளையில், வெளியே வீதியில் நிற்கும் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். உள்ளே போக இடம் கிடைக்காதவர்களுக்கும் கல்யாணத்தில் பங்கு உண்டு என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி: சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறதே, இது ஏன்? தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்ததால் அழகர் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார் என்ற கதை உண்மையா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வீதியின் பெயர்தான் பழைய செய்தியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன. அந்த விழாவுக்குரிய வீதிகள் மாசி வீதிகளாயின. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றினார். அழகர் அதற்கு முன்பு தேனூருக்குச் சென்று அங்கே வைகையில் இறங்கியதாகவும், அதையும் நாயக்கரே மதுரைக்குத் திருப்பியதாகவும் சொல்வது வழக்கு. வண்டியூர்ப் பக்கத்து ஆற்றுக்குள் இருக்கும் மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர். சித்திரையில் வயல் வேலை ஓய்ந்திருக்கும், அறுவடைக் காசு கையில் இருக்கும். நகரத்து விழாவுக்கும் நாட்டுப்புறத்து விழாவுக்கும் ஒரே கூட்டம் வந்து சேர வேறென்ன வேண்டும்?

கோபித்துக்கொண்ட கதை கோயில் புராணத்தில் உள்ளதன்று. தவளையாகப் போகும்படி சாபம் பெற்ற மண்டூக முனிவருக்கு விமோசனம் தருவதற்காகவே அழகர் வைகைக்கு வருகிறார் என்பது புராணம். அந்த நிகழ்ச்சி, ஆற்றில் இறங்கிய மறுநாள் தேனூர் மண்டபத்தில் நடக்கிறது. தங்கையைத் தாரை வார்த்துக் கொடுப்பவரும் அழகர் அல்லர். திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள்தான். ஆயினும் பேருந்தில் உங்கள் பக்கத்தில் உட்காரும் பாட்டி சொல்லப்போவது கோபித்துக்கொண்ட கதையைத்தான், திருத்த முயலாதீர்கள். கல்யாண வீட்டில் தாய்மாமன் முறுக்கிக்கொள்வதைப் பார்த்துப் பழகிய ஊர், சாமிக்கும் அந்த உரிமையைக் கொடுத்து வைத்திருக்கிறது.

கேள்வி: எனக்குக் கூட்டத்தில் நின்று சாமி பார்க்கும் பொறுமை இல்லை. சாப்பாட்டுக்காகவே வரலாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தாராளமாக வரலாம். வெயில் காலத்து விழா என்பதால் முதலில் குடிப்பவற்றைச் சொல்கிறேன். எதிர்சேவை நாளில் அழகர்கோயில் சாலையில் பத்தடிக்கு ஒரு பந்தலில் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப்போட்டு, கறிவேப்பிலை மிதக்க, பிளாஸ்டிக் பீப்பாயிலிருந்து முகந்து நீட்டப்படும் அந்த மோரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்கள் நடந்துவிட முடியாது. கொடுப்பவர் கையைப் பிடித்து நிறுத்துவார். ஜிகர்தண்டாவைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிப் பெருத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று ஊரெங்கும் கிடைக்கிறது. ஆனால் பாலை உண்மையிலேயே சுண்ட வைக்கிற கடையைக் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு.

நான் பரிந்துரைப்பது பருத்திப் பால். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் மணக்கத் தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். மாலை மயங்கும் நேரத்தில் தள்ளுவண்டியில் பித்தளைப் பானையைத் திறக்கும்போது எழும் ஆவியில் இருக்கும் வாசனையை வேறெந்த ஊரிலும் நான் முகர்ந்ததில்லை. கோடையில் சூடான பானமா என்று தயங்க வேண்டாம். இரவு முழுவதும் விழித்திருக்கப் போகிறவர்களுக்கு அதுவே சாப்பாடு.

திருக்கல்யாண நாளில் வடக்கு வெளி வீதியிலுள்ள சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடக்கும். வடை பாயசத்துடன் சாப்பிட்டுவிட்டு மீனாட்சிக்கு மொய் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம், நீங்களும் எழுதலாம். அழகர்மலைக்குப் போக நேர்ந்தால் கோயில் தோசையைக் கேட்டு வாங்குங்கள். அரிசியும் உளுந்தும் மிளகும் சீரகமும் சேர்ந்த மாவை நெய்யில் கனமாகச் சுட்டு எடுப்பார்கள். உழவர்கள் காணிக்கையாகக் கொட்டும் தானியத்துக்கும் அந்தத் தோசைக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. ஓட்டல் தோசையை நினைத்துக்கொண்டு கடித்தால் ஏமாற்றம்தான்; பிரசாதம் என்று நினைத்துக் கடித்தால் இரண்டாவதும் கேட்பீர்கள்.

கேள்வி: இசையில் ஈடுபாடு உள்ளவள் நான். மேளக் கச்சேரி தவிர இவ்விழாவில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூர்க்காரருக்கு நாகசுரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. மாசி வீதிகளில் அம்மன் வரும்போது முன்னால் நடக்கும் டங்கா மாட்டின் முதுகிலிருந்து எழும் முரசொலியைக் கேளுங்கள். அந்த ஒலி கேட்டதும் வீட்டு மாடிகளில் தலைகள் முளைப்பதைக் காண்பீர்கள். ஆனால் நீங்கள் தேடி வர வேண்டியது அழகர் வர்ணிப்பு. மலையிலிருந்து அழகர் புறப்பட்டது, பதினெட்டாம்படிக் கருப்பரிடம் விடைபெற்றது, எந்தெந்த ஊரில் தங்கினார், என்ன உடுத்தினார் என்று அடியடியாக வருணித்துச் செல்லும் நெடும்பாட்டு அது. அச்சிட்ட சிறு புத்தகங்களிலும் கிடைத்து வந்தது. என்றாலும் பாடக் கேட்பதற்கு ஈடாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் எதிர்சேவை இரவில் தல்லாகுளத்தில் ஒரு திண்ணையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கிராமத்துக் குடும்பம் வண்டியிலிருந்து இறங்கி, பாய் விரித்துக்கொண்டது. அந்த வீட்டு அம்மாள் பித்தளைச் செம்பில் சர்க்கரையை நிரப்பி, வாய்க்கு வாழையிலையை மூடிக் கட்டி, கற்பூரம் ஏற்றுவதற்குத் தயாராக மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அழகருக்குக் காட்டும் சர்க்கரைச் செம்பு அது. கூடவந்த பெரியவர் ஒருவர் யாரும் கேட்காமலே வர்ணிப்பைத் தொடங்கினார். ஓர் அடியை அவர் இழுத்து நிறுத்தும்போது, தோளில் தண்ணீர் பீய்ச்சும் தோல்பையும் தலையில் உருமாலுமாகப் படுத்திருந்த இளைஞர்கள் எழுந்திருக்காமலே அதன் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னார்கள். நள்ளிரவைத் தாண்டியும் பாட்டில் அழகர் இன்னும் ஊர் எல்லையைத் தொடவில்லை. ஒலிபெருக்கி இல்லாத ஒரு சந்தாகப் பார்த்து உட்காருங்கள் என்பது மட்டுமே நான் தரக்கூடிய யோசனை. முதன்மைச் சாலையில் திரைப்பாட்டு மெட்டுகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கேள்வி: ஆற்றில் இறங்கும்போது அழகர் உடுத்தும் பட்டின் நிறத்தைப் பார்த்து அந்த ஆண்டின் பலனைச் சொல்கிறார்களே, நம்பலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பச்சைப் பட்டு உடுத்தினால் மழையும் விளைச்சலும் சிறக்கும் என்பது நம்பிக்கை. நிறம் தெரிந்த கணத்தில் ஆற்றங்கரையில் நிற்கும் உழவர்களின் முகங்களை ஒரு முறை பாருங்கள், பிறகு நம்பலாமா என்ற கேள்வியை என்னிடம் கேட்கத் தோன்றாது. வைகையில் அன்று ஓடும் தண்ணீர்கூடப் பெரும்பாலும் விழாவுக்காக அணையிலிருந்து திறந்துவிடப்பட்டதுதான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: சித்திரையில் வர இயலாது. வேறு எந்த மாதத்தில் வரலாம்?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: தைப்பூசத்தை ஒட்டி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத்துக்கு வாருங்கள். கூட்டம் குறைவு, காற்றும் குளிர்ந்திருக்கும். ஆவணியில் வந்தால் பிட்டுத் திருவிழா. வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டுக்காகச் சொக்கநாதர் மண் சுமந்து பிரம்படி பட்ட கதையை வைகைக் கரையில் நடத்திக் காட்டுவார்கள், பிட்டும் கிடைக்கும். இரண்டுக்கும் ஒரு நாள் விடுப்புப் போதும்.