ரேஸ் நம்ம பக்கம் வந்தால் எங்கே நிற்பது?

சைக்கிள் கேள்வி – பதில்: செட்டிநாட்டுக் கடிதங்கள்

2026 ஜனவரியில் புனேயில் சர்வதேசத் தகுதியுள்ள சைக்கிள் ரேஸ் ஓடி முடிந்ததிலிருந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கடிதங்களில் ஒரே பேச்சுதான்: நம்ம ரோட்டுக்கு எப்போது? செட்டிநாட்டுக்கென்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆனால் கேள்விகள் வெறும் ஆசையோடு நிற்கவில்லை. திண்ணையில் உட்காரலாமா, கடையில் என்ன டியூப் வாங்கி வைக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டன. பதில்களும் அதே அளவில்.

● புனேக்கு வந்தது காரைக்குடிக்கு வராதா? வந்தால் டூர் தெ பிரான்ஸ் ஜெயித்த பொகாச்சர் வருவாரா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

ரேஸ் வரலாம். பொகாச்சர் வரமாட்டார். புனேயில் ஜனவரி 19 முதல் 23 வரை 437 கி.மீ. ஓட்டினார்கள், அதன் தகுதி 2.2. முதல் 2 பல நாள் ரேஸ் என்பதைக் குறிக்கும், இரண்டாவது 2 வகுப்பை. இந்த வகுப்பில் பொகாச்சரின் அணி போன்ற முதல் தர உலக டூர் அணிகளுக்கு விதிப்படி இடம் கிடையாது. அவர்கள் வர வேண்டுமென்றால் ரேஸ் 2.1 அல்லது 2.புரோ என்ற மேல் வகுப்புக்கு ஏற வேண்டும். மலேசியாவில் 1996இல் தொடங்கிய லங்காவி டூர் 2.புரோ. பினாங்கிலோ ஈப்போவிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு உங்கள் பக்கம் ஏது, அங்கே போகும்போது தேதி பார்த்துப் போனால் பெரிய அணிகளையே கண்ணால் பார்க்கலாம்.

சின்ன வகுப்பு என்று இளக்காரம் வேண்டாம். பெரிய ரேஸில் ஒரு பலமான அணி முன்னால் வரிசை கட்டி, தப்பி ஓடியவர்களைக் கணக்குப் போட்டுக் கடைசி 10 கி.மீ.க்குள் பிடித்துவிடும். சின்ன ரேஸில் அப்படி இழுத்துப் பிடிக்க ஆள் பலம் போதாது. காலையில் தப்பியவர் சாயங்காலம் வரை பிடிபடாமலே ஜெயிப்பதும் உண்டு. பார்ப்பவனுக்கு அதுதான் விருந்து.

● நம்ம பக்கம் மலையே கிடையாது. குன்றக்குடி ஒன்றுதான், அதிலும் படிக்கட்டு. தட்டை ரோட்டில் என்ன இருக்கிறது பார்க்க?
– தேவகோட்டை வாசகர்

காற்று இருக்கிறது. மலையில் ரேஸ் பிரிவதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தட்டை ரோட்டில் அதைப் பிரிப்பது பக்கக் காற்று, எப்போது பிரியும் என்று முன்னால் தெரியாது. எங்களைக் கேட்டால் செட்டிநாட்டு ரோட்டின் பலமே இதுதான்.

முன்னால் போகிறவரின் மறைவில் ஓட்டினால் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். காற்று எதிரே வந்தால் மறைவு நேர் பின்னால் இருக்கும். பக்கத்திலிருந்து வந்தால் மறைவு சாய்ந்துவிடும். தேவகோட்டையிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே போகிற ரோடு, ஆடிக்காற்று மேற்கிலிருந்து, அதாவது ஓட்டுபவரின் வலப்பக்கமிருந்து அடிக்கும். முதல் ஆள் ரோட்டின் வலது ஓரத்தில் ஓட்டுவார். அடுத்தவர் அவருக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால், அதற்கடுத்தவர் இன்னும் இடப்பக்கம், இப்படிச் சாய்வாக ஒரு வரிசை. ஏழு மீட்டர் அகல இருவழிச் சாலையில் இந்தச் சாய்வுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் அடங்குவார்கள். பதின்மூன்றாவது ஆளுக்கு மறைவு இல்லை. அவர் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டில் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும், அவர் பின்னால் நூறு பேர் ஒற்றை வரிசையில் தொங்குவார்கள். அதில் ஒருவர் இரண்டு சைக்கிள் நீளம் விட்டால் போதும், அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் போச்சு. கெட்டிக்கார அணி, காற்று திரும்பும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே தன் ஆட்கள் எல்லாரோடும் முன்னால் வந்து நிற்கும்.

எங்கே நின்றால் இதைப் பார்க்கலாம்? சீமைக்கருவேலப் புதர் ரோட்டை ஒட்டி அடர்ந்திருக்கும் வரை காற்று உறைக்காது. புதர் முடிந்து கண்மாயோ வயலோ திறக்கும் இடம்தான் இடம். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்ப் பக்கம் அப்படிப்பட்ட வெட்டவெளி நிறைய. காற்று வரும் பக்கத்தில், மேலே சொன்ன கணக்கில் மேற்கு ஓரத்தில் நில்லுங்கள். எதிர் ஓரம் ஆபத்து. நெருக்கடியில் தார் விளிம்பைத் தாண்டிச் செம்மண்ணில் இறங்கும் சக்கரம் மறுபடி தார் மேல் ஏறாது. விளிம்பில் இரண்டு அங்குலப் பள்ளம் இருந்தாலே ஆள் விழுந்துவிடுவார், நீங்கள் நின்றால் உங்கள் மேல்.

● எனக்கு எழுபது தாண்டிவிட்டது, வெயிலில் ரோட்டில் நிற்க முடியாது. ரேஸ் எங்கள் தெரு வழியாகப் போனால் திண்ணையிலிருந்தே பார்க்கலாமா? சிங்கப்பூர்ப் பேரன், கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்கிறான்.
– கானாடுகாத்தான் ஆச்சி

ஆச்சி, திண்ணையைவிட நல்ல இடம் கிடையாது. தெருவைவிட உயரம், நிழல், முதுகுக்குச் சுவர். பேரன் சொல்வதும் பொய்யில்லை. 150 பேர் ஒற்றை வரிசையில் வந்தால் ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் உங்கள் வாசலைக் கடக்க 24 விநாடி. கும்பலாக வந்தால் அதில் பாதிகூட ஆகாது.

அதனால்தான் ஊருக்குள் முடியும் ரேஸைச் சுற்றுப் பாதையாகப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். 12 கி.மீ. சுற்று என்றால் 42 கி.மீ. வேகத்தில் 17 நிமிஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள். ஐந்து சுற்றென்றால் ஐந்து தடவை, நடுவில் காப்பி குடிக்கவும் நேரம் இருக்கும். உங்கள் ஊர் வீடுகளுக்கு இன்னொரு வசதி: முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். போகும்போது முன் தெரு, திரும்பும்போது பின் தெரு என்று பாதை அமைந்தால் வளவைக் கடந்து நடந்தாலே இரண்டு பக்கமும் பார்க்கலாம். ஆனால் நீங்கள் நடந்து சேர்வதற்குள் அவர்கள் போயிருப்பார்கள். அந்த வேலை பேரனுக்கு.

மூலை வீடாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டுத் தெருக்கள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்பவை. வளைவுக்கு முன் பிரேக் பிடித்து, உள்பக்க மூலையை ஒட்டித் திரும்பி, வெளிப்பக்கமாக விரிந்து போவார்கள். வேகம் மிஞ்சினால் போய் மோதுவது திருப்பம் முடிந்ததும் வரும் வெளிப்பக்கச் சுவரில். அங்கே தெருவில் நாற்காலி போட்டு உட்கார வேண்டாம், அந்தப் பக்கம் வண்டி எதையும் நிறுத்தவும் வேண்டாம். வாசல் கோலம் இருக்கலாம்; தண்ணீர் தெளித்த ஈரம் காய்ந்திருக்க வேண்டும்.

● பெயர் எழுதிய அட்டை பிடிக்கலாமா?
– பள்ளத்தூர் பள்ளி மாணவி

பிடிக்கலாம், மார்புக்கு நேராக, ரோட்டுக்குள் நீளாமல், வருகிறவர்களைப் பார்த்தபடி. 2021 டூர் தெ பிரான்ஸ் முதல் நாளில் ஒரு பெண் டிவி கேமராவைப் பார்த்து அட்டையை ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டு, ஓட்டிவருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். டோனி மார்ட்டின் அதில் மோதி விழ, அவர் பின்னால் வந்த கூட்டமே சரிந்தது. செல்ஃபி எடுப்பவர்களுக்கும் இதேதான்.

● வீரர்கள் வீசும் பாட்டில் கிடைக்குமா?
– கோட்டையூர் வாசகர்

குப்பை போட என்று குறித்த பகுதியில் கிடைக்கும். வேறு இடத்தில் வீசினால் அவர்களுக்கு அபராதம். உருண்டு ரோட்டுக்குள் போன பாட்டிலைப் பிள்ளைகள் துரத்தக்கூடாது. கூட்டம் போனாலும் பின்னாலேயே அணிக் கார்கள் வரும். ரேஸின் கடைசியில் வரும் பச்சைக் கொடி வண்டி கடந்த பிறகுதான் ரோடு உங்களுடையது.

● சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ரேஸ் வந்தால் வெளியூர் ஆட்கள் நல்ல சைக்கிளோடு வருவார்கள். என்ன சாமான் வாங்கி வைக்கலாம்? நம்ம ஊர் முள்ளுக்கு அந்த டயர் தாங்குமா?
– காரைக்குடி

அணிகளுக்கு அவர்கள் மெக்கானிக்கே வருவார். உங்களிடம் வரப்போவது ரேஸ் பார்க்கச் சைக்கிளில் வரும் ஆட்கள். அவர்களுக்காக 700×28, 700×32 டியூப், மெல்லிய பிரெஸ்டா வால்வு வைத்தது, வால்வு நீளம் 48 மற்றும் 60 மி.மீ. இரண்டிலும் வாங்குங்கள். ரிம் உயரமாக இருந்தால் சின்ன வால்வு வெளியே எட்டாது. பிரெஸ்டாவைக் கார் வால்வாக மாற்றும் பித்தளை அடாப்டர் கைநிறைய வைத்துக்கொள்ளுங்கள். பைசா விலைதான், அது இல்லாமல் உங்கள் பம்பால் காற்று ஏற்ற முடியாது. பிரெஸ்டாவின் நுனித் திருகைத் தளர்த்திவிட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும். மறந்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி வளைந்துவிடும்.

கம்ப்ரசரைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்காதீர்கள். இப்போது வரும் கொக்கியில்லாத (டயரைக் கவ்வும் விளிம்பு மடிப்பு இல்லாத) ரிம்களுக்கு உச்ச வரம்பு 5 பார், ஏறக்குறைய 72 பிஎஸ்ஐ. தாண்டினால் டயர் ரிம்மிலிருந்து கழன்று வெடிக்கும். ரிம்மிலும் டயரிலும் எழுதியிருக்கும், இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு.

முள் விஷயம். சீமைக்கருவேல முள் எந்த டயரிலும் இறங்கும். டியூப்லெஸ் டயரில் 30 முதல் 45 மி.லி. சீலன்ட் (ஓட்டை அடைக்கும் திரவம்) இருந்தால் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள், அடைபட்டுவிடும். நம்ம வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். சக்கரத்தைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், சலசலக்காவிட்டால் புதிதாக ஊற்ற வேண்டும். டியூப் வைத்த டயரில் வேறு தொல்லை. முள் வெளியே ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். பார்த்தால் தெரியாது. புது டியூப் போட்டு அரைக் கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும், பழி கடைக்காரர் மேல். டயரின் உள்பக்கம் முழுக்கப் பழைய பருத்தித் துணியால் துடைத்து வாருங்கள், நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே நுனி இருக்கிறது.

கார்பன் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டும்போது சட்டக் குழாயை இறுக்காதீர்கள், நொறுங்கும்; சீட் தண்டைப் பிடியுங்கள். டிஸ்க் பிரேக் சக்கரத்தைக் கழற்றிவிட்டு பிரேக் கையை அழுத்தினால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் உள்ளே போகாது. இடையில் ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு டிஸ்க்கில் பட்டாலும் பிரேக் பிடிக்காது.

● ரேஸ் வரும் நேரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தால்?
– செட்டிநாடு ஸ்டேஷன் அருகிலிருந்து

நிற்க வேண்டியதுதான். மூடிய கேட்டைத் தாண்டியவர்களுக்கு ரேஸிலேயே இடமில்லை. 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடத்தில் வந்த மூவரும் இதனால் தகுதி நீக்கப்பட்டார்கள். முன்னால் தப்பியவர்கள் கேட்டில் நின்று, பின்னால் வருபவர்கள் வந்து சேர்வதற்குள் கேட் திறந்துவிட்டால் இழந்த நேரம் இழந்ததுதான். ஏற்பாட்டாளர்கள் ரயில் அட்டவணையைப் பார்த்துத்தான் புறப்படும் நேரம் குறிப்பார்கள்.

● மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் பின்னாலேயே பைக்கில் போய்ப் பார்த்துப் பழகிய ஊர் இது. சைக்கிள் ரேஸுக்கும் போனால் என்ன?
– திருப்பத்தூர் வாசகர்

போகவே கூடாது. பெரியமாடு, சின்னமாடு பந்தயத்தில் பின்னால் போகும் பைக் மாட்டை விரட்டும். இங்கே பைக் பக்கத்தில் போனால் அதன் மறைவு சைக்கிளுக்குக் கிடைத்துவிடும், ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் ரேஸே கெட்டது. ரேஸுக்குள் ஓடும் ஒவ்வொரு பைக்குக்கும் அனுமதியும் பழகிய ஓட்டுநரும் உண்டு. ஆனால் ரோட்டோரம் எங்கே நிற்பது, எப்போது ஒதுங்குவது என்பது உங்கள் ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் பாதி வேலை முடிந்தது. மீதி, நாயையும் ஆட்டையும் கட்டிப் போடுவது. வேகத்தடைகளை முன்கூட்டியே எடுப்பதோ வண்ணம் அடித்துக் காட்டுவதோ நெடுஞ்சாலைத் துறையின் கையில்.

● எந்த மாதம் வைத்தால் நல்லது?
– குன்றக்குடி

பிப்ரவரி பிற்பாதி. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஆகாது. சித்திரை, வைகாசி வெயிலுக்கு ஆகாது. தை மாதம் உங்கள் ஊரிலிருந்தே பழநிப் பாதயாத்திரை கிளம்பும், சிராவயல் மஞ்சுவிரட்டும் அப்போதுதான்; ரோடும் போலீசும் காலியாக இருக்காது. காற்று ரேஸ் வேண்டுமென்றால் ஆடிதான், ஆனால் காலை ஏழு மணிக்குள் புறப்பட்டாக வேண்டும்.

● மகளுக்கு 14 வயது. எங்கிருந்து தொடங்குவது?
– தேவகோட்டை தந்தை

அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்ட விளையாட்டுப் பிரிவு நடத்தும் சைக்கிள் போட்டியிலிருந்து. 15 வயதுக்குட்பட்ட மாணவியருக்கு 15 கி.மீ. சாதாரண இந்திய சைக்கிள்தான் அனுமதி, கியர் கிடையாது, எனவே செலவும் இல்லை. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளும் அளவுக்கு சீட்டை உயர்த்துங்கள். பெரும்பாலான பிள்ளைகள் சீட்டைத் தாழ்த்தி வைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பெடல் கட்டையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்றால் அதை அச்சோடு இறுக்கும் கோட்டர் பின் தேய்ந்திருக்கிறது, போட்டிக்கு முன்பே மாற்றுங்கள். நடுவழியில் கழன்றால் 15 கி.மீ.யும் நடைதான்.

● 2026 டூர் தெ பிரான்ஸ் நம்ம நேரத்துக்கு எப்போது?
– புதுவயல்

ஜூலை 4, பார்சிலோனாவில் தொடக்கம், முதல் நாள் அணி நேர ஓட்டம், அதாவது அணி அணியாகப் புறப்பட்டு நேரத்தோடு போட்டி. 26ஆம் தேதி பாரிஸில் முடிகிறது. அங்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். சாதாரண நாளில் சாயங்காலம் நாலரை, ஐந்துக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதை ஒட்டி முடியும். அல்ப் துவே மலை அடுத்தடுத்து இரண்டு நாள் வருகிறது, 19, 20ஆம் கட்டங்களில், வெள்ளி, சனி. அந்த இரண்டு இரவும் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.