ஒயின் பட்டியலில் எதைச் சொல்வது?

கேள்வி: கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து என் மச்சினர், அவர் மனைவி, 22 வயது மகன் மூவரும் வருகிறார்கள். அடுத்த மாதம் 1-ஆம் தேதி மாலை குமுளியில் ஒயின் பரிமாறும் ஒரு சாதாரண ஓட்டலுக்கு எல்லோரும் போவதாகப் பேச்சு. அவர்களுக்கு ஒயின் பழக்கம் உண்டு. நானும் மனைவியும் தொட்டதே இல்லை. பில் என்னுடையது. விலை குறைந்ததைச் சொன்னால் மரியாதைக் குறைவாகுமா? எதைச் சொல்வது?
- கம்பம் வாசகர்

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். குமுளி இருப்பது கேரளத்தில், அங்கே மாதத்தின் முதல் நாள் மது விற்பனை கிடையாது. மலையேறிப் போய் எலுமிச்சை சோடாவோடு திரும்புவீர்கள். இன்னொன்று, அங்கே மது அருந்தும் வயது 2017-லிருந்து 23. ஆகவே மருமகனுக்கு எந்தத் தேதியில் போனாலும் சோடாதான்.

மரியாதைக் கவலையை விட்டுவிடுங்கள். பட்டியலில் மேலே இருக்கும் வெளிநாட்டு ஒயின்களின் விலையில் பெரும்பங்கு வரி. இறக்குமதி ஒயினுக்குச் சுங்க வரியே வெகுகாலம் 150 சதவீதம். மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கும் அந்த பாட்டில் அதன் சொந்த ஊரில் தினப்படிச் சாப்பாட்டோடு குடிக்கிற சரக்காக இருக்கும். பெங்களூர்க்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. நந்தி மலைப் பக்கம் க்ரோவர், நாசிக்கில் சூலா என்று நம் நாட்டிலேயே ஒழுங்காகச் செய்கிறார்கள். உங்கள் பணத்துக்கு அவைதான் சரி.

நான் சொல்வது செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். நாசிக் செனினில் லேசான இனிப்பு இருக்கும், புளிப்பும் இருக்கும். குமுளியில் நீங்கள் என்ன சாப்பிடப் போகிறீர்கள்? பொரோட்டா, பீஃப் ஃப்ரை, மீன் பொள்ளிச்சது. மிளகும் மிளகாயும் தூக்கலான இந்தச் சாப்பாட்டோடு ஷிராஸ், கேபர்நே மாதிரி சிவப்பு ஒயினை வைத்தால் அதன் துவர்ப்பும் காரமும் சேர்ந்து நாக்கை எரிக்கும். முதல்முறை குடிப்பவர் அதோடு ஒயினையே வெறுத்துவிடுவார். இனிப்புக் கலந்த குளிர்ந்த வெள்ளை காரத்தை அடக்கும். மச்சினர் சிவப்புதான் வேண்டுமென்றால் வாங்கிக் கொடுங்கள். ஆனால் அதையும் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் தரச் சொல்லுங்கள். அலமாரிச் சூட்டில் வரும் சிவப்பில் சாராய நெடிதான் முன்னால் நிற்கும்.

கிளாஸ் கணக்கில் வாங்குவது மலிவாகத் தெரியும். கூட்டம் குறைந்த ஓட்டலில் அந்த பாட்டில் எப்போது திறந்ததோ! திறந்த ஒயின் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும், பிறகு காடியாகத் திரும்பும். “சேட்டா, இது எப்பத் திறந்தது?” என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம், குமுளியில் தமிழிலேயே பதில் வரும். மருமகனை விட்டால் குடிப்பவர்கள் நாலு பேர். 750 மில்லி பாட்டிலில் 150 வீதம் ஐந்து கிளாஸ் வரும். முழு பாட்டிலே வாங்குங்கள்.

லேபிளில் அறுவடை ஆண்டு போட்டிருந்தால் பாருங்கள். பழையது உசத்தி என்ற நினைப்பு இந்த விலை வெள்ளைக்குப் பொருந்தாது, ஓரிரு வருஷத்துக்குள் இருப்பதே நல்லது. சர்வர் முதலில் கொஞ்சம் ஊற்றி உங்கள் முகத்தைப் பார்ப்பார். பிடிக்கிறதா என்று கேட்பதில்லை அது, கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். காடி வாடையோ நனைந்த அட்டை வாடையோ அடித்தால் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் தலையாட்டினால் போதும்.

பட்டியலில் ஆக மலிவாக ‘போர்ட்’ என்று ஒன்று இருக்கும். இருமல் டானிக் போலத் தித்திக்கும். சாப்பாட்டோடு அது வேண்டாம்.

உங்கள் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான், வெளிநாடுகளில் அதிலும் ஒயின் செய்கிறார்கள். மச்சினரிடம் சொல்லிப் பாருங்கள், பேச்சு தானே களைகட்டும்.

மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவர நினைக்காதீர்கள், எல்லைச் சோதனைச் சாவடியில் வீண் வம்பு. வண்டியும் வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே வழக்கு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம். போதாததற்கு அடிவாரத்து லோயர் கேம்ப் வரை கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் போங்கள், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.