போன் உங்க கையில, முடிவு யார் கையில? – கேள்வி பதில்

வணக்கம் மக்களே. ஆப் எழுதுறதுதான் எனக்கு சோறு போடுற வேலை. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் (ஐபோன்ல ஓடுறது) ரெண்டுக்கும் எழுதுறேன், அதோட இந்த கம்பெனிங்க மேல நடக்குற கேஸு, புதுசா வர்ற சட்டம் எல்லாத்தையும் விடாம படிச்சிட்டு வர்றேன். பிளாட்ஃபார்ம், ஆப் ஸ்டோர், அப்டேட், சட்டம் பத்தி என்ன வேணா கேளுங்க. கேமரா கம்பேரிசன் மட்டும் வேணாம், அது என் ஏரியா இல்ல.

கேள்வி: அக்கா, சிம்பிளா சொல்லுங்க. ஆண்ட்ராய்டா, ஐபோனா?

நீங்க ஏற்கனவே காசு கட்டி வாங்கின ஆப்பெல்லாம் எதுல இருக்கோ, உங்களுக்கு சந்தேகம்னா உடனே சொல்லித்தர ஆள் எதுக்கு இருக்கோ, அதையே எடுங்க. ரெண்டுமே நல்லாதான் இருக்கு. ஆனா எதை வாங்கினாலும் ஒண்ணு மட்டும் பாத்துடுங்க: அந்த மாடலுக்கு செக்யூரிட்டி அப்டேட் எந்த வருஷம் வரைக்கும்? கூகுள் 2023ல பிக்சல் 8க்கும், சாம்சங் 2024ல எஸ்24க்கும் 7 வருஷம் தர்றோம்னு சொன்னாங்க. எல்லா மாடலுக்கும் அந்த 7 கிடையாது. அந்த 7ம் நீங்க வாங்குற நாள்ல இருந்து எண்ணுறது இல்ல, மாடல் விற்பனைக்கு வந்த நாள்ல இருந்து எண்ணுறது. ரெண்டு வருஷம் பழைய மாடலை ஆஃபர்ல எடுத்தா ரெண்டு வருஷம் ஏற்கனவே போயிடுச்சு.

கேள்வி: ஆப் ஸ்டோர்ல டெவலப்பர் சம்பாதிக்கிறதுல 30 சதவீதம் கமிஷன்னு சொல்றாங்களே, அது நியாயமா? சர்வர், செக்கிங்னு அவங்களுக்கும் செலவு இருக்குல்ல?

செலவு இருக்கு, இல்லன்னு சொல்லல. சின்ன டெவலப்பர்களுக்கு, அதாவது வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்குள்ள சம்பாதிக்கிறவங்களுக்கு, 2021ல இருந்து ஆப்பிள் 15 சதவீதம் ஆக்கிட்டாங்க, கூகுளும் அதே வருஷம் முதல் 10 லட்சம் டாலருக்கு 15ன்னு இறங்கி வந்தாங்க. எனக்கு அந்த சதவீதத்தை விட பெரிய பிரச்சனை வேற. "இதே சந்தா எங்க வெப்சைட்ல கம்மி விலை"ன்னு ஆப்புக்குள்ள ஒரு வரி எழுதக்கூட விடாம இருந்தாங்க பாருங்க, அதுதான்.

ஃபோர்ட்நைட் கேம் பண்ற எபிக் கேம்ஸ் கம்பெனி போட்ட கேஸ் இதுலதான் சுத்துச்சு. 2020 ஆகஸ்ட்ல அந்த கேம்ல அவங்க சொந்த பேமென்ட்டை நுழைச்சாங்க, அன்னைக்கே ஆப்பிள், கூகுள் ரெண்டு பேரும் கேமை தூக்கிட்டாங்க, எபிக் ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டாங்க. ஆப்பிள் கேஸ்ல 2021ல தீர்ப்பு. 10 குற்றச்சாட்டுல 9ல ஆப்பிள்தான் ஜெயிச்சது, ஆனா வெளி லிங்க் போட டெவலப்பர்களை விடணும்னு நீதிபதி உத்தரவு போட்டாங்க. அப்பீல் எல்லாம் முடிஞ்சு 2024 ஜனவரில அந்த உத்தரவு நடைமுறைக்கு வந்தப்போ ஆப்பிள் என்ன செஞ்சாங்க தெரியுமா? லிங்க் போடலாம், ஆனா அந்த லிங்கை தட்டி 7 நாளைக்குள்ள வெளிய வாங்கினாலும் எங்களுக்கு 27 சதவீதம் குடுங்கன்னாங்க. லிங்கை தட்டினா ஸ்கிரீன் முழுக்க ஒரு எச்சரிக்கை வேற வரும். வெளிய கார்டு கம்பெனிக்கு ஒரு 3 சதவீதம் போனா கணக்கு மறுபடி 30லயே வந்து நிக்குது, அப்புறம் எந்த டெவலப்பர் லிங்க் போடுவான்? 2025 ஏப்ரல்ல அதே நீதிபதி, இது தெரிஞ்சே கோர்ட் உத்தரவை மீறினதுன்னு தீர்ப்பு எழுதினாங்க. கடைக்கு வாடகை வாங்கிக்கட்டும், ஆனா பக்கத்துல இன்னொரு கடை இருக்குன்னு சொல்லவே கூடாதுன்னா அதை நான் எப்பவும் எதிர்ப்பேன்.

கேள்வி: நாம பேசுறதை போன் ஒட்டு கேட்டு விளம்பரம் காட்டுதா? சத்தியமா எனக்கு நடந்துச்சு.

நடந்த மாதிரி தோணும், புரியுது. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல 2018ல 17,000க்கு மேல ஆண்ட்ராய்டு ஆப்பை ஓடவிட்டு பாத்தாங்க. யாருக்கும் தெரியாம மைக்கை ஆன் பண்ணி ஆடியோ அனுப்புன ஆப் ஒண்ணு கூட சிக்கல. ஆனா சில ஆப் உங்க ஸ்கிரீனையே ரெக்கார்ட் பண்ணி வேற கம்பெனிக்கு அனுப்பினது சிக்குச்சு. விளம்பரக்காரனுக்கு நீங்க பேசுறது தேவையே இல்ல, நீங்க எங்க இருந்தீங்க, யார்கூட ஒரே வைஃபைல இருந்தீங்க, அவங்க என்ன தேடினாங்கன்னு தெரிஞ்சா போதும். மைக் ஓடினா ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12ல இருந்து மேல ஒரு புள்ளி வரும், அதைப் பாருங்க. மைக்கை விட லொகேஷன் பர்மிஷனை பாத்து பயப்படுங்க.

கேள்வி: எது சேஃப், ஆண்ட்ராய்டா ஐபோனா?

அப்டேட் வந்துட்டு இருக்குற போன் சேஃப். மேல முதல் பதிலை படிங்க.

கேள்வி: கூகுள் ஆண்ட்ராய்டை ஃப்ரீயாதானே குடுக்குறாங்க. யார் வேணா எடுத்து போன் பண்ணலாம். அப்புறம் எதுக்கு ஃபைன் போடுறாங்க?

நல்ல கேள்வி, நிறைய பேர் இதுலதான் குழம்புறாங்க. ஃப்ரீயா கிடைக்குறது ஆண்ட்ராய்டோட அடிப்படை கோடு மட்டும். பிளே ஸ்டோர், மேப்ஸ், பிளே சர்வீசஸ் எல்லாம் ஓப்பன் சோர்ஸ் (கோடை யார் வேணா பாக்கலாம், எடுக்கலாம்) கிடையாது, அதுக்கு கூகுள்கூட தனியா லைசென்ஸ் போடணும். பிளே சர்வீசஸ்னா வெறும் ஆப் இல்ல, நோட்டிஃபிகேஷன், லொகேஷன், லாகின் எல்லாமே நிறைய ஆப்ல அது வழியாதான் ஓடுது. நான் எழுதுற ஆப்பே அது இல்லாத போன்ல பாதி வேலை செய்யாது. அது எவ்ளோ முக்கியம்னு 2019ல ஹுவாவேக்கு தெரிஞ்சுது. அமெரிக்கா தடைப் பட்டியல்ல போட்டதும் புது போன்ல கூகுள் சர்வீஸ் போட முடியாம போச்சு. ஃப்ரீ கோடு கையில இருந்துச்சு, ஆனா சீனாவுக்கு வெளிய போனை வாங்க ஆள் குறைஞ்சுட்டாங்க.

ஐரோப்பிய கமிஷன் (ஐரோப்பிய யூனியனோட நிர்வாக அமைப்பு) 2018ல கூகுளுக்கு போட்ட ஃபைன் 434 கோடி யூரோ. காரணம் இந்த கட்டிப்போடுற ஒப்பந்தம்தான்: பிளே ஸ்டோர் வேணுமா, அப்போ கூகுள் சர்ச் ஆப்பையும் குரோமையும் சேர்த்து போடு, நாங்க ஒத்துக்காத ஆண்ட்ராய்டு வகைல ஒரு போன் கூட விக்காதன்னு. 2022ல கோர்ட் தொகையை 412.5 கோடியா குறைச்சுது, குற்றம் பெரும்பாலும் அப்படியே நின்னுச்சு. அமெரிக்காவுல கூகுள் சர்ச் (தேடல்) மேல நடந்த கேஸ்ல இன்னொரு கணக்கு வெளிய வந்துச்சு. பிரவுசர், போன் எல்லாத்துலயும் டிஃபால்ட்டா (முன்னாடியே செட் பண்ணின தேடலா) இருக்குறதுக்காக மட்டும் கூகுள் 2021ல குடுத்தது 2,630 கோடி டாலர். யாரும் செட்டிங்ஸ் மாத்த மாட்டாங்கன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். எது டிஃபால்ட்டா வருதோ ஜனங்க அதைத்தான் யூஸ் பண்ணுவாங்க.

கேள்வி: ஆண்ட்ராய்டுல இனிமே வெளிய இருந்து ஏபிகே (ஆப்பை இன்ஸ்டால் பண்ற ஃபைல்) போட முடியாதாமே? உண்மையா?

முழுசா அப்படி இல்ல, ஆனா பாதி உண்மை. 2025 ஆகஸ்ட்ல கூகுள் அறிவிச்சது இது: சர்டிஃபைட் (கூகுள் சான்று குடுத்த) ஆண்ட்ராய்டு போன்ல எந்த ஆப் போடணும்னாலும், பிளே ஸ்டோருக்கு வெளிய இருந்து வந்தாலும் கூட, அதை எழுதினவர் கூகுள்கிட்ட பேர், அட்ரஸ், போன் நம்பர் குடுத்து சரிபார்த்திருக்கணும். 2026 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்துல ஆரம்பிச்சு அப்புறம் மத்த நாடுகளுக்கும்னு திட்டம். எதிர்ப்பு வந்ததும் நவம்பர்ல கொஞ்சம் இறங்கி, விவரம் தெரிஞ்சவங்க ரிஸ்க்கை ஒத்துக்கிட்டு போட தனி வழி வைக்கிறோம்னாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல.

அதே நண்பர்: ஏன் உடன்பாடு இல்ல? திருடன் பேர் மறைச்சுதான் ஆப் போடுறான். எங்க அம்மாவுக்கு போன் பண்ணி, பேங்க்ல இருந்து பேசுறோம்னு ஒரு ஏபிகே அனுப்பி போட வச்சாங்க. கணக்குல இருந்த பணம் போச்சு. உங்களை மாதிரி டெவலப்பர்களோட சுதந்திரத்துக்காக எங்க அம்மா ஏமாறணுமா?

உங்க அம்மாவுக்கு நடந்ததுக்கு உண்மையிலேயே வருத்தப்படுறேன். கூகுளே சொல்றாங்க, வெளிய இருந்து போடுற ஆப்ல பிளே ஸ்டோரை விட 50 மடங்குக்கு மேல மால்வேர் (திருட்டு வேலைக்கு எழுதின ஆப்) இருக்குன்னு. அதை நான் மறுக்கல.

ஆனா அந்த ஏபிகே பணத்தை எப்படி எடுத்துச்சுன்னு பாருங்க. போட்டதும் "அக்சஸிபிலிட்டி பர்மிஷன் குடுங்க"ன்னு கேக்கும். கண் தெரியாதவங்களுக்காக வச்ச வசதி அது. ஸ்கிரீன்ல இருக்குறதை படிக்கும், உங்களுக்கு பதிலா பட்டனையும் தட்டும். அதை குடுத்துட்டா ஓடிபி படிக்கிறது, பணம் அனுப்புறது எல்லாம் அதுவே பாத்துக்கும். இந்த ஓட்டையை அடைக்க ஆண்ட்ராய்டு 13ல ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, வெளிய இருந்து இறக்கின ஆப்புக்கு அந்த பர்மிஷன் சுலபமா குடுக்க முடியாம பூட்டினாங்க. பழைய போன்ல அது வராது. அதனாலதான் அப்டேட் அப்டேட்னு கத்திட்டு இருக்கேன். மிச்சம் இருக்குற சின்ன ஓட்டையையும் கூகுள் அடைக்கட்டும், போன் பேசிட்டு இருக்கும்போது ஆப் போடவே விடாம நிறுத்தட்டும், நான் கை தட்டுவேன்.

இன்னொருத்தர்: பேர் குடுக்குறதுல என்ன நஷ்டம்? நேர்மையான டெவலப்பர் எதுக்கு பயப்படணும்?

எஃப்-டிராய்டுன்னு ஒரு இடம் இருக்கு, ஓப்பன் சோர்ஸ் ஆப் மட்டும் இருக்கும். அவங்க சோர்ஸ் கோடை எடுத்து தாங்களே ஆப்பா பில்ட் பண்ணி, பெரும்பாலான ஆப்புக்கு தங்களோட கீ (ரகசிய டிஜிட்டல் சாவி) வச்சு சைன் பண்றாங்க, அதாவது முத்திரை குத்துறாங்க. யார் வேணா கோடை பாத்து சரிபார்க்கலாம். புது விதிப்படி ஒரு ஆப் பேருக்கு, அந்த கீக்கு, பேர் பதிஞ்ச ஒரு ஆள் பொறுப்பேத்துக்கணும். ஆப்பை எழுதினவர் ஒருத்தர், சைன் பண்ணினது எஃப்-டிராய்டு, அப்போ யார் பேர்ல பதியுறது? எழுதினவங்கள்ல நிறைய பேர் காசு வாங்காம ராத்திரி உக்காந்து எழுதுறவங்க. இப்படியே வந்தா எங்களால நடத்த முடியாதுன்னு எஃப்-டிராய்டே சொல்லிட்டாங்க.

பயப்படுறது ஏன்னு கேட்டீங்க. 2019ல ஹாங்காங் போராட்டம் நடந்தப்போ போலீஸ் எங்க நிக்குதுன்னு காட்டுற மேப் ஆப்பை ஆப்பிள் தூக்கினாங்க. 2021 ரஷ்ய தேர்தலப்போ எதிர்க்கட்சி ஓட்டு ஆப்பை ஆப்பிள், கூகுள் ரெண்டு பேருமே ரஷ்யாவுல தூக்கினாங்க. 2025 அக்டோபர்ல அமெரிக்க அரசு கேட்டதும் குடியேற்றத் துறை ஆளுங்க எங்க இருக்காங்கன்னு சொல்ற ஆப் ஐபோன் ஆப் ஸ்டோர்ல இருந்து போச்சு. எந்த நாடு, எந்த கட்சிங்கிறது பேச்சே இல்ல. வழி ஒண்ணுதான்னா அரசாங்கம் ஒரு ஆபீஸ் கதவை தட்டினா போதும். ஆண்ட்ராய்டுல இது வரைக்கும் ரெண்டாவது வழி இருந்துச்சு. மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

அதோட பேர் பதிஞ்சா திருடன் நிப்பானா? ஜோக்கர்னு ஒரு மால்வேர் 2017ல இருந்து பிளே ஸ்டோருக்குள்ளயே திரும்பத் திரும்ப வந்துட்டு இருந்துச்சு, 2020 தொடக்கம் வரைக்கும் 1,700 ஆப்பை தூக்கினதா கூகுளே எழுதினாங்க. அங்கயும் எல்லாரும் அக்கவுண்ட் வச்சுதான் ஏத்தினாங்க.

கேள்வி: நடுவுல மன்னிக்கணும், விண்டோஸ் போன் ஏன் ஓடல? எனக்கு ரொம்ப பிடிச்ச போன்.

எனக்கும் பிடிக்கும். 2010ல வந்தப்பவே லேட். அப்புறம் 2012ல விண்டோஸ் போன் 8 வந்தப்போ 7 வச்சிருந்தவங்களுக்கு அந்த அப்டேட் கிடையாதுன்னுட்டாங்க. நம்பி முதல்ல வாங்கினவங்களையே கை விட்டா டெவலப்பர் யாரை நம்பி ஆப் எழுதுவான்? கூகுள் யூடியூப் ஆப் எழுதித் தரல, மைக்ரோசாஃப்ட் தானே ஒண்ணு எழுதினதை 2013ல பிளாக் பண்ணாங்க. நோக்கியா போன் பிரிவை 2014ல வாங்கி முடிச்சு, அடுத்த வருஷமே 760 கோடி டாலரை நஷ்டக் கணக்குல எழுதினாங்க. ரெண்டே பிளாட்ஃபார்ம் மிஞ்சினதாலதான் இப்போ மேல இருக்குற சண்டையெல்லாம் நாம போட வேண்டியிருக்கு.

கேள்வி: ரீசென்ட் ஆப்பெல்லாம் ஸ்வைப் பண்ணி மூடினா சார்ஜ் நிக்குமா?

நிக்காது. மறுபடி திறக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். விடுங்க.

கேள்வி: ஐபோன் நல்லதா, ஆண்ட்ராய்டு நல்லதா?

இதுக்கு மூணு தடவை மேல பதில் சொல்ல மாட்டேன்பா. மேல போய் படிங்க, அப்டேட் எந்த வருஷம்னு பாருங்க.

கேள்வி: போலீஸுக்கு மட்டும் ஒரு ரகசிய வழி வச்சா என்ன? குற்றவாளியை பிடிக்கணும்ல.

போலீஸுக்கு மட்டும் திறக்குற வழின்னு ஒண்ணை கட்டவே முடியாது, அவங்களுக்கு திறந்தா திருடனுக்கும் திறக்கும். 2024ல அமெரிக்க டெலிகாம் கம்பெனிகளுக்குள்ள சால்ட் டைஃபூன்னு சொல்ற ஹேக்கர் கூட்டம் புகுந்து, கோர்ட் உத்தரவோட ஒட்டு கேக்குறதுக்காக வச்சிருந்த தகவல் வரைக்கும் கை வச்சாங்க. பூட்டின தகவலை திறக்க வழி வைக்கச் சொல்லி பிரிட்டன் ரகசியமா உத்தரவு போட்டதா செய்தி வந்ததும், 2025 பிப்ரவரில ஆப்பிள் அங்க ஐக்ளவுட்டோட (அவங்க ஆன்லைன் சேமிப்பு) முழு என்கிரிப்ஷன் வசதியையே, அதாவது ஆப்பிளால கூட படிக்க முடியாதபடி பூட்டுற வசதியையே, எடுத்துட்டாங்க. அதனால சாதாரண ஜனங்க பாதுகாப்புதான் போச்சு, குற்றவாளி வேற ஆப்புக்கு போயிடுவான்.

அம்மா பத்தி எழுதின நண்பர்: சரிக்கா, நீங்க சொல்றது யோசிக்க வைக்குது. முழுசா ஒத்துக்கல. ஆனா எங்க அம்மா போன்ல இப்போ நான் என்ன பண்ணட்டும்?

ஒத்துக்கணும்னு இல்ல, கேட்டதுக்கே சந்தோஷம். அம்மா போன்ல செட்டிங்ஸ்ல "அன்நோன் ஆப்ஸ்"னு தேடுங்க. எந்தெந்த ஆப் வழியா ஏபிகே போடலாம்னு ஒரு லிஸ்ட் வரும், வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. அடுத்து அக்சஸிபிலிட்டிக்குள்ள போய் தெரியாத பேர் எதாவது ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா ஆஃப் பண்ணிட்டு அந்த ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அன்னைக்கு போட்ட ஆப் முழுசா போயிடுச்சான்னு சந்தேகம் இருந்தா ரீசெட் பண்ணிடறது நல்லது, பேங்க் பாஸ்வேர்டை வேற போன்ல இருந்து மாத்துங்க. போன்ல ஆண்ட்ராய்டு 16 இருந்தா "அட்வான்ஸ்டு புரொடக்ஷன்"னு ஒரு சுவிட்ச் இருக்கு, ஆன் பண்ணா வெளி ஆப் எதுவும் ஏறாது. நான் கேக்குறதும் இதைத்தான்: வேணுங்கிறவங்க தாங்களே போட்டுக்குற பூட்டு. அம்மாவுக்கு அதை போட்டு விடுங்க, என் போன்ல நான் போட மாட்டேன். அப்புறம் அந்த மாடலுக்கு அப்டேட் எந்த வருஷம் வரைக்கும்னு பாத்து எனக்கு சொல்லுங்க.