915 மெகாஹெர்ட்ஸ் லோரா மாட்யூலை இந்தியாவில் பயன்படுத்தலாமா?

கேள்வி: தோட்டத்தில் மண் ஈரப்பதம் பார்க்க 915 மெகாஹெர்ட்ஸ் லோரா மாட்யூல்கள் வாங்கிவிட்டேன். லோராவுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்கள். அப்படியே மாட்டலாமா? பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் செய்து விற்கலாமா?

பதில்:

915-இல் ஓட்டாதீர்கள், சோதனைக்குக்கூட வேண்டாம். லைசென்ஸ் விலக்கு லோரா (குறைந்த மின்சாரத்தில் சிறு தகவலைத் தொலைவுக்கு அனுப்பும் ரேடியோ முறை) என்ற தொழில்நுட்பத்துக்குக் கிடையாது. குறிப்பிட்ட அலைவரிசைக்கும் பவருக்கும்தான். நம் நாட்டில் லோரா ஓட்ட ஏற்ற விலக்குப் பட்டை 865–867 மெகாஹெர்ட்ஸ். 2021-இல் அதை 868 வரை நீட்டினார்கள். டிரான்ஸ்மிட்டர் 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட், கேரியர் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ் என்பவை எல்லை. லோராவின் 125 கிலோஹெர்ட்ஸ் அகலம் இதற்குள் அடங்கும். 250, 500 இரண்டும் அடங்காது.

902–928 அமெரிக்காவில் திறந்த பட்டை. இங்கே 890–915 என்பது செல்போன்கள் டவருக்குப் பேசும் பாதை. லோரா கருவிகளை நெட்வொர்க்காக இணைக்கும் லோராவான் நெறிமுறையின் அமெரிக்கத் திட்டத்தில், கருவி தகவல் அனுப்பும் 125 கிலோஹெர்ட்ஸ் அப்லிங்க் சேனல்கள் 902.3 முதல் 914.9 வரை; அத்தனையும் இதற்குள்ளேயே விழுகின்றன. டவரின் ரிசீவர் மிக மெல்லிய சிக்னலைக் கேட்க வைத்தது. தொலைவில் உள்ள போன் அங்கே -100 டிபிஎம்முக்கும் (சிக்னல் வலிமையின் அலகு) கீழே வந்து சேரும். அரை கிலோமீட்டரில், கம்பத்தின் உச்சியில், மறைப்பில்லாமல் நிற்கும் உங்கள் 20 டிபிஎம் நோடு (சென்சார் கருவி) ஏறக்குறைய -65-இல், அதாவது அந்தப் போனைவிடப் பல மடங்கு வலிமையாகப் போய் இறங்கும். அந்த அலைவரிசையில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அழைப்பு உடையும், டேட்டா நிற்கும். உங்கள் பக்கம் எல்லாம் நன்றாக வேலை செய்வதாகவே தெரியும் என்பதுதான் இதில் ஆபத்து.

வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லோரா மாட்யூல்களில் இருக்கும் எஸ்எக்ஸ்1276, எஸ்எக்ஸ்1262 சிப்கள் இரண்டும் 865-இலும் ஓடும். ஃபர்ம்வேரில் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ரீஜியனை இந்தியாவுக்கான ஐஎன்865 என்று மாற்றுங்கள். கட்டாயச் சேனல்கள் 865.0625, 865.4025, 865.985, இரண்டாவது ரிசீவ் விண்டோ (நோடு பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 866.55. நெட்வொர்க் சர்வரிலும் அதே ரீஜியன் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஜாயின் (நெட்வொர்க்கில் சேரும்) கோரிக்கை போகும், பதில் வராது. ஐரோப்பிய 868 செட்டிங்கும் உதவாது. அதன் இயல்பான சேனல்கள் 868.1, 868.3, 868.5 என நம் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.

ஆன்டெனாவை மாற்றியே ஆக வேண்டும். கால் அலை நீளம் 915-க்கு 82 மில்லிமீட்டர், 865.5-க்கு 86.6. நேர் கம்பி என்றால் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். மாட்யூலோடு வரும் சுருள் ஸ்பிரிங் ஆன்டெனா குறுகிய பட்டையில்தான் சரியாக இசையும், 865-இல் நிறைய இழக்கும். நோடுகளுக்கு இவ்வளவு போதும். கேட்வே (நோடுகளின் தகவலை வாங்கி நெட்வொர்க் சர்வருக்கு அனுப்பும் பெட்டி) 915 வகை என்றால் அதில் உள்ள சா ஃபில்டர் (ஒரு பட்டையை மட்டும் விடும் வடிகட்டி) 865-ஐ உள்ளே விடாது, மென்பொருளால் சரிசெய்ய வழியில்லை. 863–870 என்று குறித்திருக்கும் கேட்வேயாகப் பார்த்து வாங்குங்கள்.

தூரம் போதவில்லை என்று வெளியே ஒரு பவர் ஆம்ப்ளிஃபையரைச் சேர்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 865-இன் இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு அலைவரிசையில் கூடவே பிறக்கும் தேவையற்ற சிக்னல்) 1730 மெகாஹெர்ட்ஸ் அருகே வரும். 1710–1785 இங்கே 4ஜி போன்களின் அப்லிங்க். மாட்யூலுக்குள் இருக்கும் லோ பாஸ் ஃபில்டர் அதை அடக்குகிறது. அந்த ஃபில்டருக்குப் பிறகு ஆம்ப்ளிஃபையர் போட்டால் புதிதாகப் பிறக்கும் ஹார்மோனிக்கைத் தடுக்க ஒன்றுமில்லை. ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துவது பெரும்பாலும் அதைவிட நல்ல பலன் தரும். கேபிளை மட்டும் கவனியுங்கள்: ஆர்ஜி174 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்றுவிடும்.

ஹார்மோனிக்கை ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) பார்க்கலாம். அதில் உள்ள ஆர்820டி ட்யூனர் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும். 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்) இல்லாமல் நேரே செருகினால் டாங்கிளே திணறி, இல்லாத ஹார்மோனிக்கைக் காட்டும். சந்தேகம் வந்தால் இன்னொரு 10 டெசிபெல் சேருங்கள். உண்மையான ஹார்மோனிக் 10 குறையும். டாங்கிளுக்குள் பிறந்தது 20 குறையும்.

கேட்வே பெட்டிக்குள் 4ஜி மோடம் இருந்தால், அது 824–849-இலும் 900 பட்டையிலும் அனுப்பும்போது லோரா ரிசீவர் செவிடாகிவிடும். இரண்டு ஆன்டெனாக்களையும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

விலக்குப் பட்டையில் இருப்பதால் உரிமை வந்துவிடாது. யாருக்கும் இடையூறு செய்யக் கூடாது, பிறரால் இடையூறு வந்தால் பாதுகாப்புக் கேட்கவும் முடியாது என்பதே நிபந்தனை. லைசென்ஸ் உள்ளவர் புகார் கொடுத்தால் பவரைக் குறைப்பது, இடம் மாற்றுவது, வேறு வகை ஆன்டெனா போடுவது உங்கள் பொறுப்பு. அதிலும் தீராவிட்டால் நிறுத்த வேண்டும். லோராவின் மிக மெதுவான செட்டிங்கான எஸ்எஃப்12-இல் ஒரு சின்னப் பாக்கெட் ஒரு நொடிக்கு மேல் காற்றில் இருக்கும், வேகமான எஸ்எஃப்7-இல் நூறு மில்லிநொடிக்குள் முடியும். காற்றில் இருக்கும் நேரம் குறைந்தால் இடையூறும் குறையும்; சட்டம் கேட்காவிட்டாலும் சிக்னலுக்கு ஏற்ப இந்தச் செட்டிங்கைத் தானே மாற்றும் அடாப்டிவ் டேட்டா ரேட்டை இயக்கிவிடுங்கள். மண் ஈரத்துக்கு அரை மணிக்கு ஒரு தடவை தாராளம்.

விற்பதற்கு தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ (கருவி வகை ஒப்புதல்) வேண்டும். சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பம். அமெரிக்காவின் எஃப்சிசி எண்ணோ ஐரோப்பாவின் சிஇ முத்திரையோ இதற்கு ஈடாகாது. 915 மாட்யூலுக்கு ஈடிஏ கிடைக்காது, அந்தப் பட்டைக்கு இங்கே விலக்கே இல்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆர்எஃப் (ரேடியோ அலை) சோதனை அறிக்கை தேவைப்படும். ஆய்வகத்துக்குப் போகும்போது இரண்டு மாதிரிகள் கொண்டுபோங்கள்: ஆன்டெனா இருக்கும் இடத்தில் எஸ்எம்ஏ கனெக்டர் (அளவுக் கருவியின் கேபிளை மாட்டும் இணைப்பு) வைத்தது ஒன்று, விற்கப்போகும் வடிவில் ஒன்று. கீழ், நடு, மேல் சேனல்களில் முழுப் பவரில் விடாமல் அனுப்பும் சோதனை ஃபர்ம்வேரும் ஏற்றியிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை விழிக்கும் நோடை வைத்துக்கொண்டு அவர்களால் எதையும் அளக்க முடியாது.