பவுலும் யாக்கோபும் மோதுகிறார்களா? ஆபிரகாமின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள்

கேள்வி: சபையில் வாலிபர் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது பவுல் எழுதிய ரோமர் 3:28. விசுவாசத்தினால் மட்டுமல்ல, கிரியைகளினாலும்தான் என்கிறது யாக்கோபு 2:24. "எது சரி? சீர்திருத்தவாதி லூத்தரே யாக்கோபின் நிருபத்தை வேதத்திலிருந்து நீக்கிவிட்டாராமே?" என்று ஒரு தம்பி கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: லூத்தர் விஷயத்தை முதலில் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் வகுப்பு அதிலேயே போய்விடும். 1522-இல் வந்த தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், மற்ற முக்கியப் புத்தகங்களோடு ஒப்பிட்டு யாக்கோபை 'வைக்கோல் நிருபம்' என்றார். எபிரெயர், யூதா, வெளிப்படுத்தலோடு அதையும் கடைசியில் வைத்தார். ஆனால் நீக்கவில்லை. அந்த வைக்கோல் வரியையும் பிற்பாடு எடுத்துவிட்டார்.

இனி ஆபிரகாமுக்கு வாருங்கள். ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15:6-ஐத்தான் இருவருமே எடுத்துக்காட்டுகிறார்கள். பலகையில் ஒரு கோடு போட்டு 15, 17, 22 என்று அதிகாரங்களைக் குறியுங்கள். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86 (16:16), விருத்தசேதனத்தின்போது, அதாவது நுனித்தோலை நீக்கும் உடன்படிக்கைச் சடங்கின்போது, 99 (17:24). அப்படியானால் 15-ஆம் அதிகாரம் விருத்தசேதனத்துக்குக் குறைந்தது 13 ஆண்டுகள் முந்தியது. பவுல் பிடித்துக்கொள்வது இதைத்தான்: நீதியாக எண்ணப்பட்டபோது அவன் விருத்தசேதனம் இல்லாதவன், ஆகவே யூதரல்லாத புறஜாதியார்மேல் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள் (ரோமர் 4:10-11).

யாக்கோபு 22-ஆம் அதிகாரத்தில், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய இடத்தில் நின்றுகொண்டு 15-ஐத் திரும்பிப் பார்க்கிறார். அவருடைய எதிராளியே வேறு. உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்புகிறவரே அந்த எதிராளி. 'தேவன் ஒருவர்' என்று பிசாசுகளும்தான் விசுவாசிக்கின்றன என்று யாக்கோபு குத்துவதும் இப்படிப்பட்டவரைத்தான்.

யாக்கோபு பேசுவது நீதி எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பற்றியல்ல, அது எப்படி வெளிப்படுகிறது என்பதைப் பற்றி என்பது இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் விளக்கம். நல்ல விளக்கம்தான். ஆனால் வகுப்பில் அதிலிருந்து தொடங்கினால், முடிவை முதலிலேயே சொல்லி வசனத்தை அதற்குள் திணித்தது போலிருக்கும். முதலில் பலகைக் கோடு, அப்புறம் கால்வின்.

கடந்த அரை நூற்றாண்டில் சில ஆய்வாளர்கள், பவுல் சொல்லும் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' முக்கியமாக விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் போன்ற யூத அடையாளங்களையே குறிக்கின்றன என்கிறார்கள். ரோமர் 3:29-30-க்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் 4:4-5-இல் பவுல் வேலைக்கான கூலியைப் பற்றிப் பேசுகிறாரே! ஆகவே இதை முடிந்த தீர்ப்பாகச் சொல்லாதீர்கள்.

"சரி, எவ்வளவு கிரியை இருந்தால் போதும்?" என்று அடுத்து கேட்பார்கள். அதற்கு யாக்கோபு அளவு எதுவும் தருவதில்லை. 2:24-க்கு அடுத்த வசனத்திலேயே ராகாபைக் கொண்டுவருகிறார். வேசி, வேவுகாரரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டு வேறு வழியாய் அனுப்பிவிட்டவள். அவளுடைய அதே செயலை எபிரெயர் 11:31 விசுவாசத்தின் கணக்கில் எழுதுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.