ஒருவர் பிடிக்க, ஒருவர் வைக்க

கேள்வி: என் மகளுக்கு ஆறரை வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சனிக்கிழமைதோறும் நடக்கும் ஓர் அறிவியல் மன்றத்தில் சேர்த்திருக்கிறேன். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கூடை பிளாஸ்டிக் கட்டைகளைக் கொடுத்து, சேர்ந்து கட்டச் சொல்கிறார்கள். மூன்று வாரமாக, "அவன் எனக்குக் கட்டையே தரமாட்டேங்காம்மா" என்று சிணுங்கிக்கொண்டே வீடு திரும்புகிறாள். இந்த வயதில் சேர்த்தது அவசரமோ?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அவசரம் இல்லை, அம்மா. லெகோ கட்டைகளைக் கொண்டு பல நாடுகளில் நடந்துவரும் 'ஃபர்ஸ்ட் லெகோ லீக்' அமைப்பு, பிள்ளைகளை 4 முதல் 6 வயது, 6 முதல் 10, 9 முதல் 16 என்று மூன்று படிகளாகப் பிரித்து நடத்தி வந்திருக்கிறது. உங்கள் மகளுக்குரிய நடுப்படியில் ஒரு குழுவுக்கு 2 முதல் 6 பேர்தான். மேசைமேல் ரோபோவை ஓட்டிப் புள்ளி எண்ணுவதெல்லாம் மூத்தவர்களுக்கு. சிறியவர்கள் தாங்கள் கட்டிய மாதிரியையும் வரைந்த சுவரொட்டியையும் காட்டி, வந்திருப்பவர்களுக்கு விளக்கிச் சொன்னால் போதும்.

கட்டை தராத அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் ஆள் தனியாகவே முடித்துவிடக்கூடிய வேலையை நான்கு பேருக்குக் கொடுத்தால், கைவேகம் உள்ள பிள்ளை முடிக்கும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். பெரியவர்களின் அலுவலகத்திலும் இதுதானே நடக்கிறது?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரைத் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள கொக்கிரகுளத்துக்கு அழைத்துச் சென்று, 1843-இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் 11 வளைவுகளையும் ஆற்றங்கரையில் நின்று எண்ணச் சொன்னேன். வீடு திரும்பியதும் இரண்டு தடித்த புத்தகங்களை இடைவெளி விட்டு வைத்து, மேலே ஒரு தாளைத் தட்டையாகப் போட்டோம். இரண்டு ரூபாய்க் காசுகள் சிலவற்றை வைத்ததுமே அது தொய்ந்து விழுந்தது. அதே தாளை வளைத்துப் புத்தகங்களுக்கு நடுவே செருகியபோது கூடுதல் காசுகளைத் தாங்கியது. ஆனால் சற்று நேரத்தில் புத்தகங்கள் இரு பக்கமும் நழுவ, வளைவு சப்பென்று அமர்ந்துவிட்டது. வளைவு தன்மேல் ஏறும் பாரத்தைத் தன் இரண்டு கால்களுக்கும் தள்ளுகிறது. கால்கள் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். ஆற்றுக்குள் நிற்கும் தூணில் அடுத்தடுத்த வளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்து முட்டுக்கொடுக்கின்றன. கடைசி வளைவுக்குக் கரைதான் முட்டு. இதையெல்லாம் நான் சொல்ல வாயெடுப்பதற்குள், கூட்டத்திலேயே சிறியவள், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், இரண்டு உள்ளங்கையாலும் புத்தகங்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் புடிச்சிக்கிடுதேன், நீ வையி" என்றாள். அவள் பிடித்தால்தான் மற்றவன் காசு வைக்க முடியும் என்பதால், அவளை ஒதுக்க யாருக்கும் வழியில்லை.

ஆகவே அடுத்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஓரமாக அமர்ந்து, பிள்ளைகளுக்கு இப்படி ஒருவருக்கொருவர் தேவைப்படும் வேலை தரப்படுகிறதா, கட்டை தேடுபவர், கட்டுபவர், எடுத்துச் சொல்பவர் என்று பொறுப்புகள் வாராவாரம் மாறுகின்றனவா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் பயிற்றுநரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். புகைப்படத்துக்காக அவரே மாதிரியைக் கட்டி முடிப்பவராக இருந்தால், யோசிக்காமல் மகளை நிறுத்திவிடலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் இப்படி மன்றம் எதுவும் இல்லை, அந்தக் கட்டைப் பெட்டிகளின் விலையும் கட்டுபடியாகாது. நாங்களே தொடங்க முடியுமா?
– வாசகர், வள்ளியூர் அருகே

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். மத்திய அரசின் அடல் ஆய்வகங்களும் தமிழக அரசின் வானவில் மன்றமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் என்பதால், சின்னஞ்சிறுசுகளுக்கு நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் மன்றங்களான துளிர் இல்லங்கள் செலவில்லாமல் இதைச் செய்து காட்டியவை. அவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குப் பனையோலைக் காற்றாடியைவிட நல்ல முதல் பாடம் எது? ஓலையை மடித்து, உடைமுள்ளைக் குத்தி, துளை இறுகினால் சுற்றாது, தளர்ந்தால் ஆடும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நுங்கு வண்டியில் சக்கரமும் அச்சும் இருக்கின்றன. இரண்டு பேருக்கு ஒரு வண்டி என்று சொல்லிவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட அறிவியல் மையத்துக்கு அழைத்து வாருங்கள்.

கேள்வி: பேரனுக்கு நான்கு வயது. அவனையும் சேர்க்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இன்னும் ஓராண்டு பொறுங்கள், ஐயா. கட்டை வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் சிறியவற்றை விட்டு, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்காக இருக்கும் லெகோவின் டூப்ளோ வகையை வாங்குங்கள். பின்னாளில் சிறிய கட்டைகளும் அதன்மேல் பொருந்தும். அதுவரை உங்கள் ஊரிலேயே கடைந்து விற்கும் மரச் சொப்புகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றையும் கூட்டி உட்காரவைத்து, இரண்டு பேருக்கும் ஒரே ஒரு செட் கொடுத்துப் பாருங்கள்.