டாட்ஜ் சகோதரர்கள்: கேள்வியும் பதிலும்

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் பற்றிய சென்ற கட்டுரையில், ஃபோர்டுக்குப் பாகங்கள் செய்து கொடுத்து, பிறகு சொந்தமாக டாட்ஜ் கார் கம்பெனி தொடங்கிய ஜான் டாட்ஜ், ஹொரேஸ் டாட்ஜ் இருவரையும் ஒரு வரியில் கடந்து போயிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

இருவரும் இன்ஜினியரிங் படித்தவர்களா சார்? நான் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

கல்லூரிப் பக்கமே போகாதவர்கள். உங்கள் ஆட்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனில் நைல்ஸ் என்ற சிற்றூரில் அப்பா வார்ப்படமும் மெஷின் வேலையும் செய்யும் பட்டறை நடத்தினார். ஜான் பிறந்தது 1864, ஹொரேஸ் 1868. பட்டறை வருமானம் போதாமல் குடும்பம் 1886இல் டெட்ராய்ட் வந்தது. அண்ணனும் தம்பியும் அங்கே ஒரு பாய்லர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிறகு ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் வின்ட்சர் நகரில், அச்சு இயந்திரம் செய்யும் கம்பெனிக்குப் போனார்கள். நுணுக்க அளவில் கடைசல் பிடிக்கும் கை அங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

ரைட் சகோதரர்கள் மாதிரி இவர்களும் சைக்கிளில் தொடங்கியவர்களா?

ஆமாம். தூசி உள்ளே போகாத பால் பேரிங் ஒன்றை ஹொரேஸ் உருவாக்கினார். 1896இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்து எவான்ஸ் என்ற கூட்டாளியோடு 'எவான்ஸ் அண்ட் டாட்ஜ்' சைக்கிள் செய்தார்கள். அந்தத் தொழிலை விட்டுவிட்டு, வந்த பணத்தையும் இயந்திரங்களையும் கொண்டு 1900 வாக்கில் டெட்ராய்ட்டில் சொந்தப் பட்டறை போட்டார்கள். முதலில் வந்த பெரிய ஆர்டர்களில் ஒன்று ஓல்ட்ஸ்மொபில் என்ற காருக்கான கியர் பாக்ஸ். வேலை சுத்தம் என்று பேர் வந்ததும் ஊரில் கார் செய்ய நினைத்தவர்கள் எல்லாரும் இவர்கள் வாசலுக்கு வந்தார்கள். ஹென்றி ஃபோர்டும் அப்படி வந்தவர்தான்.

ஃபோர்டு காரை உண்மையில் செய்தது இவர்கள்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கொஞ்சம் மிகையாக இல்லையா?

1903ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினால் மிகையே இல்லை. அந்தப் பிப்ரவரியில் போட்ட ஒப்பந்தப்படி இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் பூட்டிய 650 சேசிஸ்களை, அதாவது காரின் அடிச்சட்டங்களை, டாட்ஜ் பட்டறை தரவேண்டும், ஒன்று 250 டாலர். மரப் பாடி வேறொரு வண்டிக் கம்பெனியிலிருந்து வந்தது, சக்கரமும் டயரும் வேறு இடங்களிலிருந்து. மாக் அவென்யூவில் ஃபோர்டு வைத்திருந்த சிறிய கட்டடத்துக்குக் குதிரை வண்டியில் சேசிஸ் வந்து இறங்கும். பாடி, சக்கரம் மாட்டினால் கார் ரெடி. வடிவமைப்பு ஃபோர்டுடையது, அதை மறுக்க முடியாது. ஆனால் இரும்பு வேலை டாட்ஜ் சகோதரர்களுடையது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஃபோர்டு அதற்கு முன் தொடங்கிய கம்பெனி மூழ்கிப் போயிருந்தது, வங்கிகள் அவரை நம்பவில்லை. அந்த நேரத்தில் ஓல்ட்ஸ்மொபில் வேலையை விட்டுவிட்டு அவருக்காகப் புது இயந்திரங்கள் வாங்கிப் போட்டார்கள் இவர்கள். 1903 ஜூன் 16 அன்று ஃபோர்டு மோட்டார் கம்பெனி பதிவானபோது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 10 சதவீதப் பங்கு. மதிப்பு 10,000 டாலர், அதற்கு இவர்கள் கொடுத்தது 7,000 டாலர் பொருளாக, மீதி பின்னால் தருவதாக எழுதிய கடன் சீட்டாக. ஜூலையில் கம்பெனியின் வங்கிக் கணக்கில் மிச்சம் இருந்தது 223 டாலர் 65 சென்ட்! சிகாகோவின் ஒரு டாக்டர் 850 டாலர் கொடுத்து முதல் காரை வாங்கினார், மூச்சு வந்தது.

அப்புறம் ஏன் பிரிந்தார்கள்?

ஃபோர்டு ஒவ்வொரு பாகத்தையும் தன் ஆலையிலேயே செய்யத் தொடங்கினார். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தால் என்னவாகும் என்று ஜானுக்குத் தெரிந்துவிட்டது. 1913இல் ஃபோர்டு கம்பெனியின் துணைத் தலைவர் பதவியை விட்டார், சப்ளையை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தார்கள். டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கில் 1910லேயே பெரிய தொழிற்சாலை எழுப்பியிருந்தார்கள். 1914 நவம்பர் 14 அன்று சொந்தப் பெயரில் முதல் கார் வெளியே வந்தது. 35 குதிரைத்திறன், முழு எஃகு பாடி, 12 வோல்ட் மின்சாரம், செல்ஃப் ஸ்டார்ட், விலை 785 டாலர். மாடல் டி அப்போது ஏறக்குறைய 500 டாலர், ஆனால் கைப்பிடி சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கூடுதல் காசு கொடுக்க ஆள் இருந்தது: 1915இல் மட்டும் 45,000 கார் விற்றது.

உழைக்கும் வண்டி என்ற பேரை அமெரிக்க ராணுவமும் உறுதிப்படுத்தியது. 1916இல் மெக்சிகோவில் பாட்டன் என்ற இளம் லெப்டினன்ட் மூன்று டாட்ஜ் கார்களில் போய் ஒரு பண்ணையைத் தாக்கினார். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய அதே ஜெனரல் பாட்டன்தான்.

சட்டம் படிக்கிறேன். 'டாட்ஜ் எதிர் ஃபோர்டு' வழக்கில் பேராசைக்காரர்கள் யார்?

பாடத்தில் இதை 'பங்குதாரர் நலன் எதிர் சமூக நலன்' என்று நடத்துவார்கள். எனக்கு அந்தச் சித்திரத்தில் பாதிதான் ஏற்பு. 1916இல் ஃபோர்டு, லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுத்துவந்த சிறப்பு ஈவுத்தொகையை நிறுத்தினார். விலையைக் குறைப்பேன், ரூஜ் நதிக்கரையில் மாபெரும் ஆலை கட்டுவேன், தொழிலாளிக்கு வேலை தருவேன் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஈவுத்தொகையில்தான் டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் கார் ஆலையை வளர்த்து வந்தார்கள். போட்டியாளருக்குத் தன் கையாலேயே பணம் கொடுக்க ஃபோர்டுக்கு மனமில்லை என்பதும் காரணம்.

நவம்பர் 1 அன்று ஃபோர்டின் மகன் எட்சல் கல்யாணம், டாட்ஜ் சகோதரர்களும் விருந்தினர்கள். மறுநாளே ஃபோர்டு மீது வழக்குப் போட்டார்கள். 1919 பிப்ரவரியில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சுமார் 1.93 கோடி டாலரைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. ஆனால் ஆலை கட்டத் தடை விதிக்கவில்லை, இதைப் பலர் சொல்ல மறக்கிறார்கள். அந்தத் தொகையில் பாதிக்கு மேல் பெரும்பங்குதாரரான ஃபோர்டுக்கே போனது என்பது தனி வேடிக்கை.

தோற்ற ஃபோர்டு சும்மா இருக்கவில்லை. கம்பெனியை விட்டு விலகி இன்னும் மலிவான கார் செய்யப்போவதாகக் கதை கட்டிவிட்டார். பயந்த பங்குதாரர்கள் தங்கள் பங்கை ஃபோர்டு தரப்புக்கே விற்றார்கள். டாட்ஜ் சகோதரர்களின் பங்குக்கு 2.5 கோடி டாலர் கிடைத்தது. அதுவரை வாங்கிய ஈவுத்தொகை தனி.

அண்ணன் தம்பி சண்டையே வந்ததில்லையா?

பெரிதாக இல்லை. அமெரிக்காவின் முதல் கார்களைச் செய்த துர்யே சகோதரர்கள் 'யார் கண்டுபிடித்தது' என்று ஆயுள் முழுக்க முறைத்துக்கொண்டார்கள். இவர்களோ வேலையைப் பிரித்துக்கொண்டவர்கள்: வியாபாரமும் அரசியலும் ஜானுக்கு, இயந்திரமும் இசையும் படகும் ஹொரேஸுக்கு. டெட்ராய்ட் சிம்ஃபனி இசைக்குழுவுக்கு ஹொரேஸ் அள்ளிக் கொடுத்தார். முரடர்கள், குடித்தால் கைகலப்பு என்ற பேரும் உண்டு. பணக்கார டெட்ராய்ட் அவர்களைக் கடைசிவரை முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எப்படி இறந்தார்கள்?

1920 ஜனவரியில் நியூயார்க் கார் கண்காட்சிக்குப் போன இடத்தில் இருவருக்கும் இன்ஃப்ளூயன்ஸா. ஜான் 14ஆம் தேதி இறந்தார், வயது 55. ஹொரேஸ் அதிலிருந்து சரியாகத் தேறவே இல்லை. டிசம்பரில் ஃப்ளோரிடாவில் அவரும் போய்ச் சேர்ந்தார். மனைவியர் மட்டில்டாவும் அன்னாவும் 1925இல் கம்பெனியை 14.6 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு வங்கிக்கு விற்றார்கள். 1928இல் கிரைஸ்லர் வாங்கியது.

எங்கள் தாத்தா 'டாட்ஜ் லாரி' ஓட்டியதாகச் சொல்வார். இந்த டாட்ஜ்தானா?

அதே பெயர்தான். பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு டாட்ஜ், ஃபார்கோ என்ற பெயர்களில் லாரிகளை இங்கே விட்டது. ஆனால் ஜானும் ஹொரேஸும் செய்தவை அரை டன் டெலிவரி வண்டிகள் வரைதான். கனரக லாரி டாட்ஜுக்கு வந்தது இந்தியானாவின் கிரஹாம் சகோதரர்கள் வழியாக. அவர்கள் செய்த லாரிகள் 1921 முதல் டாட்ஜ் விற்பனையாளர்கள் மூலம் விற்றன, பிறகு அந்தக் கம்பெனியையே டாட்ஜ் வாங்கிக்கொண்டது. அவர்கள் மூன்று பேர், அது தனிக் கதை.